கம்பியக்கா விழாத கதை

அந்த வீட்டுக்கு யார் போனாலும் டீ உண்டு. ஆனால் சூடு ஆறுவதற்குள் குடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் சர்க்கஸ்ல இருந்தீங்களாமே?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். அந்த நிமிஷம் முதல் நீங்கள் விருந்தாளி இல்லை, நீதிபதி. புருஷன் வாதி, பெண்டாட்டி பிரதிவாதி. வழக்கு முப்பது வருஷத்துக்கு முந்தியது. சொத்துத் தகராறோ நகைத் தகராறோ இல்லை. ஒரு மழை நாளில், பகல் காட்சியில், அந்த அம்மாள் கம்பியிலிருந்து விழுந்தாளா, இல்லை தானாக இறங்கினாளா என்பதுதான் வழக்கு.

அவரைத் தெருவில் பபூனார் என்பார்கள். வெறும் பபூன் என்றால் மரியாதை இல்லை, பபூன் சார் என்றால் கேலி மாதிரி இருக்கிறது. ஆகவே தெருவே கூடி யோசித்தது போல இந்தப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது. சர்க்கஸில் கோமாளி வேஷம் கட்டியவர். அவர் மனைவி கம்பியக்கா. கையில் குடையோடு கம்பி மேல் நடந்தவள். சுவரொட்டியில் அவள் படம் யானைக்குப் பக்கத்தில் இருக்கும். பபூனார் படம் ஒரு மூலையில், அச்சுக்காரன் மனசு வைத்தால் இருக்கும். அந்தக் கணக்கு இன்றைக்கும் வீட்டில் மாறவில்லை. ஆள் முன்னால் அவரை "நீங்க" என்பாள், வீட்டுக்குள் "நீ", கோபம் வந்தால் "யோவ்".

கம்பியக்காவின் கட்சி இது. மழையில் மண் இளகிவிட்டது. கம்பியை இழுத்துப் பிடித்திருந்த முளை ஆடியது. அவள் அதைக் காலாலேயே உணர்ந்து, நல்ல புத்தியோடு முடிவெடுத்து, தானாகவே கீழே இறங்கினாள்.

பபூனாரின் கட்சி இது. மழை பெய்தது உண்மை, முளை ஆடியது உண்மை, மீதியெல்லாம் சுத்தப் புளுகு. அவள் விழுந்தாள். மூட்டை விழுகிற மாதிரி விழுந்தாள். அதுவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. கண்ணை மூடிக்கொண்டு யாராவது இறங்குவார்களா என்று அவர் வந்தவர்களைப் பார்த்துக் கேட்பார். கண்ணில் தூசி விழுந்தது என்பாள் அவள். மழை நாளில் தூசி ஏது என்பார் அவர். இந்த இடத்தில்தான் டீ ஆறும். கீழ் வீட்டுக் கணக்கு வாத்தியார் ஒருமுறை, பாதி விழுந்து பாதி இறங்கியிருக்கலாம் என்று நடுநிலையாகத் தீர்ப்புச் சொன்னார். வாதியும் பிரதிவாதியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. அதற்குக் கோமாளியின் தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோமாளி வெறுமனே சிரிக்க வைக்க வந்தவன் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது அவன் பொழுதுபோக்கு. அவன் உத்தியோகம் வேறு. மேலே ஊஞ்சலில் ஒருவன் கை நழுவுகிறான், பந்து வீசுகிறவளின் பந்து உருண்டு ஓடுகிறது, குதிரை நட்டநடுவில் நின்று சாணி போடுகிறது. அந்தக் கணமே கோமாளி எங்கிருந்தோ ஓடி வந்து தொபுக்கென்று விழ வேண்டும். பேண்டுக்காரர் டமால் என்று ஓர் அடி அடிப்பார். கூட்டத்தின் கண் இவன் மேல் வந்துவிடும். முதலில் நடந்ததும் வேடிக்கைதான் போலிருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். தவறியவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து அடுத்த வேலையைப் பார்ப்பான். ஊரான் தப்பையெல்லாம் தன் இடுப்பில் வாங்கிக்கொள்வதற்குத்தான் கோமாளிக்குச் சம்பளம். இதில் முக்கியமான சங்கதி, அவன் வேலையைச் சரியாகச் செய்தால், அவன் வேலை செய்தான் என்றே யாருக்கும் தெரியக்கூடாது.

பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. இப்போது பபூனார் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். வாழ்நாள் முழுக்க விழுந்த மனுஷன், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடி மேலே போய்க் கீழே வந்துகொண்டிருக்கிறார். கூட்டமான லிஃப்டில் யாரோ ஒருவர் வயிற்றுக் கோளாறில் சங்கடம் பண்ணிவிட்டு மேலே மாடி எண்ணைப் பார்ப்பார். எல்லாரும் எல்லாரையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். உடனே பபூனார் தொண்டையைச் செருமி, "மன்னிச்சுக்கணும், காலையிலேருந்தே எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லிவிடுவார். குற்றவாளி முகத்தில் அப்போது தோன்றும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். இரண்டாம் மாடி மேனேஜர் பெரிய அதிகாரி முன்னால் வாசலில் வழுக்கியபோதும் அடுத்த நொடி பபூனார் யாரோ கொண்டுவந்த டீத் தட்டோடு விழுந்தார். அதிகாரி சிரித்தார், மேனேஜர் தப்பித்தார், பபூனாரின் இடுப்பு போயிற்று. எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஒரு தடவை விழுந்தால் வைத்தியத்துக்கு என்னிடம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து கம்பியக்காவின் சட்டம், யார் எங்கே எப்படி விழுந்தாலும் அவர் நிற்க வேண்டும்.

சரி, அந்த மழை நாளுக்கு வருவோம். கூடாரத்துக்குள் ஈர மரத்தூள் வாசனை. மேலே துணியில் மழை அடிக்கும் சத்தத்தில் பேண்டு பாதிதான் கேட்கிறது. கம்பியக்கா நடுக்கம்பியில் இருக்கிறாள். ஒரு ஆள் மேல் இன்னொரு ஆள் நின்றால் எட்டுகிற உயரம். முளை ஆடியது. அவள் கீழே வந்தாள். எப்படி வந்தாள் என்பது வழக்கில் இருப்பதால் நான் சொல்லவில்லை. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. யாரோ ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த நேரத்தில் பபூனார் வாளியோடு ஓடி வந்து, ஒரு காலை வாளிக்குள் விட்டு, மறு காலைத் தன் கால்சட்டை நாடாவிலேயே மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் குப்புற விழுந்தார். கால்சட்டை ஒரு பக்கம் போனது, வாளி ஒரு பக்கம் போனது. கம்பியக்காவுக்கு வலியும் அவமானமும் சேர்ந்து கண்மண் தெரியாத கோபம் வந்து, கையில் இருந்த குடையாலேயே அவரை நாலு சாத்து சாத்தினாள். கூடாரம் அதிர்ந்தது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் பிரச்சினையே இல்லை. முதலாளி வியாபாரி. அன்று மாலைக் காட்சிக்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டு, நாளை முதல் இதுவும் ஒரு ஐட்டம், தினமும் இப்படியே நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, தினமும் அவள் அதே இடத்தில் விழுகிற மாதிரி இறங்கினாள். தினமும் அவர் வாளியோடு வந்தார். தினமும் அடி வாங்கினார். வருஷக்கணக்காக, ஊர் ஊராக, ஜனங்கள் அதைப் பார்க்கவே வந்தார்கள். நடுவில் இருவருக்கும் கல்யாணமும் ஆயிற்று. அத்தனை பெரிய கூட்டத்தில் போயும் போயும் இந்த ஆளை ஏன் கட்டினாய் என்று ஊஞ்சல்காரிகள் கேட்டதற்கு, அடித்துப் பழகிய ஆளை விட்டு வேறு எவனைத் தேடுவது என்றாளாம் கம்பியக்கா.

ஆயிரம் தடவை விழுகிற மாதிரி இறங்கியவளுக்கு, முதல் தடவை விழுந்தது ஞாபகம் இல்லாமல் போய்விட்டது. அப்படித்தான் அவள் சொன்னாள். அது ஐட்டம், அந்த ஐட்டத்தைக் கண்டுபிடித்ததே நான், இவருக்குக் கண்ணால் ஜாடை காட்டியதும் நான் என்று அடித்துச் சொன்னாள். பபூனார் தம் தொழிலில் பெற்ற மிகப் பெரிய வெற்றியே அவர் வீட்டில் பெற்ற மிகப் பெரிய தோல்வியாகிவிட்டது. விழுந்தவளே விழவில்லை என்று நம்புகிற அளவுக்கு ஒரு கோமாளி வேலை பார்த்திருக்கிறான் என்றால், அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவன் யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லலாம் என்றால் சாட்சி யாரும் மிஞ்சவில்லை. சர்க்கஸ் ஒரே நாளில் சாகவில்லை, தவணை முறையில் செத்தது. முதலில் சட்டம் வந்து சிங்கத்தைக் கொண்டுபோனது. சிங்கத்தோடு பாதிக் கூட்டமும் போயிற்று. பிறகு யானை போனது. யானையை ஏற்றிய லாரியின் பின்னால் முதலாளி தெருமுனை வரை அழுதுகொண்டே ஓடினார். ஆட்களை அனுப்பியபோது அப்படி ஓடவில்லை. அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. யானைக்கு வேறு வேலை தெரியாது. கடைசியில் சைக்கிள் ஓட்டும் கிளி ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கும் வயசாகி, பாதிவழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு எதையோ யோசிக்க ஆரம்பித்துவிடும். ரிங்குக்குள் நிற்பவர்கள் வெளியே உட்கார்ந்திருப்பவர்களை விட அதிகமாக இருந்த காட்சிகளும் உண்டு. வந்த பிள்ளைகளும், தலைக்கு மேலே ஒரு பெண் காலால் தொங்கிக்கொண்டிருக்க, குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கூடாரத்தைப் பிரித்தார்கள், மறுபடி கட்டவில்லை. துணியை லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். முதலாளி அதே வருஷம் போய்ச் சேர்ந்தார். பேண்டு மாஸ்டர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார். இன்றைக்கும் சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட தார்ப்பாய் ஏதாவது லாரியில் போனால், பபூனார் நடுத்தெரு என்றும் பார்க்காமல் நின்றுவிடுவார். ராத்திரி வானத்தில் சுற்றும் அந்த சர்ச் லைட்டு, ஜெனரேட்டர் சத்தம், சிங்கக் கூண்டின் வாடை கலந்த காலை டீ, எல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. எதுவும் திரும்பி வராது என்றும் தெரிந்திருந்தது.

அதனால் அவர் ஆசை ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிட்டது. ஊர் சொல்ல வேண்டாம், பேப்பரில் வர வேண்டாம். அவள் ஒருத்தி, ஒரே ஒரு தடவை, ஆமாம், நான் விழுந்தேன், நீ வந்தாய் என்று சொல்லிவிட்டால் போதும். கூடாரம் போன பிறகு, அவர் அங்கே இருந்தார் என்பதற்கு இனி அவள் வாய்தான் அத்தாட்சி. அந்த வாயோ இறங்கினேன், இறங்கினேன் என்றே முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் லிஃப்டில் நாலாம் மாடிக்காரன் ஒருவன் அகப்பட்டான். நாலாம் மாடியில் ஒரு விளம்பரக் கம்பெனி. அதில் விழா நடத்துகிற வேலை பார்க்கும் தம்பி அவன். எப்போதும் காதில் எதையோ செருகிக்கொண்டு காற்றோடு பேசிக்கொண்டிருப்பான். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த மாலில் "பழைய சர்க்கஸ் வாரம்" நடத்தப் போவதாகவும், அசல் சர்க்கஸ் கோமாளி ஒருவர் கிடைத்தால் பிரமாதமாக இருக்கும் என்றும் அவன் காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பபூனார் லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

நிபந்தனைகள் இருந்தன. வாசலில் நின்று பலூன் கொடுக்க வேண்டும். ஓடக்கூடாது, ஏனென்றால் தரை பளிங்கு. பிள்ளைகளைத் தொடக்கூடாது, பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். சத்தம் போடக்கூடாது, பாட்டு ஓடும். முக்கியமாக, எந்தக் காரணத்தைக் கொண்டும் விழக்கூடாது. வயசான ஆள் விழுந்து ஏதாவது ஆனால் மால்காரர்கள் வழக்கில் மாட்டுவார்களாம்.

"அப்ப ஆள் எதுக்குத் தம்பி? ஒரு தூணுக்கு உடுப்பு மாட்டி விட்டா போதுமே" என்றார் பபூனார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். அந்த உடுப்பை இன்னொரு தடவை போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

கம்பியக்கா தையல் வேலை செய்கிறவள். வீட்டின் முன்னறை முழுக்கத் துணிதான். தகரப் பெட்டியிலிருந்து எடுத்த கோமாளி உடுப்பில் பூச்சி தின்றது போக மிச்சம் இருந்தது பபூனாரின் இடுப்புக்கு எட்டவில்லை. மாலுக்குப் போகவே வேண்டாம், இந்த வயசில் என்ன கூத்து என்று திட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் பிளந்து ஒட்டுத்துணி வைத்துத் தைத்தாள். திட்டு ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம், இரண்டும் நேர்கோடாகப் போயின. கடைசியில், இந்த மனுஷனைத் தனியாக விட்டால் எங்கேயாவது எவனுக்காவது விழுந்து வைப்பான், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தானும் கிளம்பினாள். நல்ல சேலை ஒன்றைத் தேடி எடுத்துக் கட்டியதைப் பபூனார் கவனித்தார், கேட்கவில்லை.

மாலின் நடுக்கூடத்தில் அட்டையில் ஒரு கூடாரம் நின்றது. அட்டைச் சிங்கம் ஒன்று, பக்கத்தில் போனால் உறுமியது. பாப்கார்ன் வண்டி ஒன்று. ஒரு பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு இரும்புக் கால்களுக்கு இடையே முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி கட்டி, கீழே பஞ்சு மெத்தை போட்டிருந்தார்கள். ஜனங்கள் அதில் ஏறி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள, போட்டோ எடுத்துக்கொள்வதற்காக.

கம்பியக்கா அதைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு கிட்டே போய் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு முகம் சுளித்தாள். கொடிக்கயிறு கூட இதைவிட விறைப்பாக இருக்கும், இதைக் கட்டினவன் எவன் என்று நாலாம் மாடித் தம்பியைக் கேட்டாள். ஆளைக் கூப்பிட்டு முறுக்க வைத்தாள். போதாது என்றாள். மறுபடி முறுக்க வைத்தாள். இவ்வளவு தெரிந்த அம்மாள் யார் என்று தம்பி விசாரித்தான். பபூனார் சொன்னார். அடுத்த நிமிஷம் மைக் பெண்ணின் குரல் மால் முழுக்கக் கேட்டது. ஒரு காலத்தில் ஊரையே அண்ணாந்து பார்க்க வைத்த கம்பி ராணி நம்மிடையே வந்திருக்கிறாராம், இப்போது நடந்து காட்டுவாராம்.

கம்பியக்கா மாட்டேன் என்றாள். மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள். கூட்டத்தில் யாரிடமோ இருந்த மடக்குக் குடையை வாங்கி விரித்தாள்.

அவள் ஏறியதும் பபூனாருக்கு மாலெல்லாம் மறைந்துபோயிற்று. பாப்கார்ன் வண்டிக்குப் பக்கத்தில் பலூன் கொத்தோடு நின்றவர், அப்படியே நின்றார். அவள் பாதம் கம்பியைத் தேடவில்லை, கம்பி தானாக வந்து பாதத்தில் சேர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. பார்வை எதிர்க்கடையின் பெயர்ப்பலகைக்கும் அப்பால் எங்கேயோ நின்றது. முழங்கால் உயரம்தான், ஆனால் அந்த உயரம் யாருக்கும் நினைவில்லை. பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். தம் பெண்டாட்டி எவ்வளவு அழகு என்பதை இத்தனை வருஷம் வழக்காடியதில் மறந்துவிட்டோமே என்று பபூனாருக்குத் தோன்றியது.

கம்பியின் மறு கோடிக்குப் போய்ச் சேர்ந்தாள். கை தட்டினார்கள். அங்கேயே இறங்கியிருக்கலாம். கை தட்டல் யாரை விட்டது, திரும்பி வர ஆசைப்பட்டாள். திரும்புவது அவள் பேர்போன வித்தை. ஒற்றைக் காலில் நின்று, குடையை வீசி, சுழன்றாள். குடை சுழன்றது, சேலை சுழன்றது, முழங்கால் மட்டும் சுழலவில்லை. மெத்தையில் விழுந்திருந்தாலாவது பரவாயில்லை. மெத்தையைத் தாண்டிப் பளிங்குத் தரையில், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தொப்பென்று விழுந்தாள்.

கூடம் அமைதியாயிற்று. பிறகு ஒவ்வொரு கையாக செல்போன் உயர்ந்தது. எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அது நல்ல சிரிப்பு இல்லை.

பபூனார் யோசிக்கவில்லை. டாக்டரோ, மால்காரரோ, வீட்டுச் சட்டமோ அவர் நினைவில் இல்லை. ஓடினார். அவர் தொடங்கிய சறுக்கலைப் பளிங்கு முடித்து வைத்தது. பாப்கார்ன் வண்டியைக் கையோடு இழுத்துக்கொண்டு, பலூன்கள் ஒவ்வொன்றாக வெடிக்க, ஒட்டுத்துணி போட்ட இடமெல்லாம் டர்ரென்று கிழிய, அட்டைச் சிங்கத்தின் மேல் மோதி, அதன் தலையைக் கட்டிக்கொண்டு கம்பியக்காவின் காலடியில் வந்து விழுந்தார். சிங்கம் அவர் அடியிலிருந்து உறுமியது. பாப்கார்ன் மேலிருந்து மழையாகக் கொட்டியது.

மாலின் மூன்று மாடியும் சிரித்தது. குழந்தைகள் தரையில் புரண்டார்கள். கடைகளுக்குள் இருந்தவர்கள் துணிமணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து கைப்பிடியில் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பபூனார் சிங்கத் தலைக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்.

"அடி பட்டுச்சா?"

கம்பியக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். தலையில் பாப்கார்ன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் நாலாம் மாடித் தம்பி மூச்சு வாங்க ஓடி வந்துவிட்டான். விழக்கூடாது என்று சொன்னவனே அவன்தான் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. சூப்பர் ஐட்டம், முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, மணிக்கு ஒரு தடவை இதே மாதிரி பண்ண முடியுமா என்று கேட்டான். மைக் பெண்ணும் பின்னாலேயே வந்து, இந்த ஐட்டம் யாருடைய யோசனை என்று மைக்கைக் கம்பியக்காவின் வாயருகே நீட்டினாள்.

"ஐட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் கம்பியக்கா. அவள் குரல் மால் முழுக்கக் கேட்டது. "நான் விழுந்துட்டேன். இவரு வந்தாரு. முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் நான் விழுந்தேன். அப்பவும் இவருதான் வந்தாரு."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பபூனார் சிங்கத் தலையை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பவும் முதல்ல இதைத்தான் கேட்டே" என்றாள் அவரைப் பார்த்து. மைக் இருப்பது அவளுக்கு மறந்துவிட்டது, ஆள் முன்னால் சொல்லும் "நீங்க"வும் மறந்துவிட்டது. "அடி பட்டுச்சான்னு. அப்புறம் தினமும் வந்து விழுந்தே, ஒரு நாளும் அதைக் கேக்கல. விழுந்த அன்னைக்கு மட்டும்தான் கேட்டே. எனக்குத் தெரியாதா? விழுந்தவள்னு பேராயிட்டா முதலாளி மறுபடி என்னைக் கம்பி ஏத்துவாரா? அதான் இறங்கினேன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிடுச்சு."

இதுதான் பபூனார் முப்பது வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டது. ஒரு காதில் கேட்டால் போதும் என்று இருந்தவருக்கு, மூன்று மாடிக்கும் ஒலிபெருக்கியில் கேட்டது. அவருக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இருந்ததும் உண்மைதான். சாயம் பூசிய கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது. ஆனால் அதே நேரத்தில் அவர் கண் பழக்கதோஷத்தில் கூட்டத்தின் பக்கம் போனது. கூட்டத்தின் முகம் மாறியிருந்தது. ஐயோ பாவம், வயசானவங்க, நிஜமாகவே விழுந்திருக்காங்க என்று ஒரு அம்மாள் சொல்வது கேட்டது. ஒருவர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் தண்ணீர் என்றார். சற்று முன் கம்பி ராணியை அண்ணாந்து பார்த்த கண்களெல்லாம் இப்போது தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பபூனார் எழுந்தார். இடுப்பில் மின்னல் வெட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் வாயருகே இருந்த மைக்கை வாங்கினார்.

"என்ன, எல்லாரும் நம்பிட்டீங்களா? இவ வாழ்க்கையில விழுந்ததே கிடையாதுங்க. இப்ப அழுத மாதிரி பேசினாளே, அதுவும் ஐட்டம்தான்."

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அந்த மால் கை தட்டியது பாருங்கள், அட்டைக் கூடாரம் ஆடியது. நாற்காலி கொண்டுவந்தவர் தாம் ஏமாந்ததை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பபூனார் கையை நீட்டினார். கம்பியக்கா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதுகை நிமிர்த்தி, ரிங்கில் நிற்பது போல ஒரு கையை உயர்த்திக் கூட்டத்துக்கு வணக்கம் வைத்தாள். உதட்டை அசைக்காமல், "யோவ், நான் நெசமாத்தான்யா சொன்னேன்" என்றாள். தெரியும், சிரி என்றார் அவர்.

பபூனார் இப்போது தடி ஊன்றி நடக்கிறார். லிஃப்டுக்கு அது பாதகமில்லை. வீட்டில் வழக்கு மட்டும் ஓயவில்லை. இப்போதும் டீ ஆறுவதற்குள் எழுந்துவிடுவதுதான் உத்தமம். கம்பியக்கா வந்தவர்களை உட்கார வைத்து, அந்த மழை நாளில் தான் எப்படி விழுந்தாள், இவர் எப்படி ஓடி வந்தார் என்று ஆதியோடந்தமாகச் சொல்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் பபூனார் குறுக்கே விழுந்து, அதெல்லாம் இல்லை, முளை ஆடியது, அவள் தானாக இறங்கினாள், நான் கண்ணால் பார்த்தேன் என்று சாதிக்கிறார்.